முதல் அறுபது அடி

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டுத்தான் கார் ஓட்டுவார். "சாமி கும்பிடப் போற மாதிரில்லா கழட்டுதிய" என்று கிண்டல் செய்வேன். "கிளட்ச் எங்க புடிக்குதுன்னு கட்டவெரலுக்குத் தெரியணும்மே. ஷூவுக்குத் தெரிஞ்சு இன்னா புண்ணியம்?" என்பார். அந்த இடது கால் இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயோ ஒளித்துவைத்துத் திடீரென்று எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

நான் சங்கரன்கோவில் பக்கம். சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு கிடந்தவள். அவர் வல்லம் வடகால்காரர். ஒரு நாள் ஷிப்டுக்குப் போகிற எங்கள் வேன் வழியில் நின்றுபோனது. ரிப்பேர் பார்க்க வந்தவர், கையெல்லாம் கிரீஸோடு என்னிடம் தண்ணீர் பாட்டில் கேட்டார். அப்புறம் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நாலைந்து தடவை ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். அவர் வீட்டில் ஜெபம், எங்கள் வீட்டில் சூடம். இரண்டு பக்கமும் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கம்பெனி வேலை போக மீதி நேரமெல்லாம் அவருக்கு ஒரகடம் ரோட்டில் சிநேகிதர் வைத்திருக்கும் மெக்கானிக் ஷெட்தான். அங்கே ஒரு கூட்டம் உண்டு. எல்லாரும் ஏதாவது ஒரு ஆலையில் வேலை பார்ப்பவர்கள், எல்லாரிடமும் ஒரு பழைய சின்னக் கார். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயப் பாதை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு காராக நேர்க்கோட்டில் விரட்டி நேரம் பார்ப்பார்கள். ரோட்டில் விளையாடுகிற ஆளை அந்த ஷெட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டார்கள், அதில் ரொம்பக் கறார்.

கார் போகிற முழுத் தூரத்தைவிட முதல் அறுபது அடிதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். அதற்குப் பிறகு ஓடுவது எஞ்சின், அந்த அறுபது அடி மட்டும் ஆளுடையது என்பார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறபோது கிளட்சைப் படக்கென்று விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பயந்து பயந்து விட்டால் வண்டி இருமிக்கொண்டு அமுங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் வெறுங்காலுக்கு அந்த இடம் தெரியும்.

ஷெட்டின் ஷட்டரில் உள்பக்கம் ஒரே ஒரு நம்பர் எழுதியிருக்கும். அந்தக் கூட்டத்தில் யார் முதல் அறுபது அடியைக் குறைந்த நேரத்தில் கடந்தாரோ அவருடைய நேரம். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். அதை ஒருவர் முறியடித்தால், முறியடித்தவரே தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட் துணியால் பழைய நம்பரைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை எழுத வேண்டும். வேறு யாரும் துடைக்கக்கூடாது. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தது என் வீட்டுக்காரர் நம்பர். பெயிண்ட் மங்கினால் அவரே மேலே இன்னொரு பூச்சு பூசுவார். பொட்டு வைக்கிற மாதிரி அத்தனை பக்குவமாகப் பூசுவார், நானே பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் லேப்டாப்பும் கையுமாகத் திரியும் ஒருவர், மறைமலை நகர் பக்கம் கார் ஆலையில் வேலை பார்ப்பவர், லாஞ்ச் கன்ட்ரோல் பற்றி அடிக்கடி பேசுவார். எஞ்சினை நடத்துகிற சின்னக் கம்ப்யூட்டருக்குப் பதிலாக வேறொன்றைப் பொருத்தி, கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் போதும். கிளட்சை மிதித்தபடி ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினாலும் எஞ்சின் நாம் குறித்த வேகத்துக்கு மேல் சுற்றாமல் அங்கேயே நிற்கும். கிளட்சிலிருந்து காலை எடுத்ததும் கட்டு அவிழ்ந்து வண்டி பாயும். "எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்" என்று அவர் சொல்ல, இவர் சிரிப்பார்.

"கால யாருப்பா எடுக்கறது? கம்ப்யூட்டரா? நம்மதான எடுக்கணும்? எனக்கு அந்த ஒயரு வாணாம்பா. ஆண்டவர் குடுத்த ஒயரே போதும்."

பிறகு ஒரு மழை நாளில் பைக்கில் வேலைக்குப் போனவர்மேல், ஒரகடத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்பியது. அந்த லாரியைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு இந்த ஒரு வரி போதும், அதுவே அதிகம்.

மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்டது, "லெஃப்டா, ரைட்டா?" என்றுதான். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமலே "லெஃப்ட்டுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் எந்தக் கால் என்பதில் என்ன இருக்கிறது? எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, கழுவி மூடி நிறுத்தியிருந்த காரைப் பார்த்ததும்தான் புரிந்தது. மாடிப்படிக்கடியில் உட்கார்ந்து நான் அழுதேன்.

பார்க்க வந்தவர்களெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து, கூடவே ஒரு யோசனையும் கொண்டுவந்தார்கள். "ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிக்கோங்க, கிளட்சே கிடையாது, ஒரு காலு போதும்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை வரை எரியும். பாடுகிறவனுக்குத் தொண்டை போனால் ரேடியோ வாங்கிக் கொடுப்பீர்களா? இப்படிக் கேட்டுவிடுவேனோ என்று பயந்து, காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் எல்லாருக்கும் பொறுமையாகத் தலையாட்டுவார்.

செயற்கைக் கால் வந்து, நடை பழகி, பழைய மாதிரி கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காரில் ஏறி உட்கார்ந்தார். வழக்கம் மாறாமல் வலது காலின் செருப்பைக் கழற்றினார். இடது காலால் கிளட்சை மிதித்தார், விட்டார். மறுபடி மிதித்தார், விட்டார். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிதிக்க முடியுதுமே" என்றார். பெடலைக் குனிந்து பார்த்துவிட்டு, "தெரியமாட்டேங்குது" என்றார்.

ஒயர் வேண்டாம் என்று சிரித்த மனிதர் அந்த வாரமே லேப்டாப்காரரைக் கூப்பிட்டு லாஞ்ச் கன்ட்ரோல் போடச் சொன்னார். எஞ்சின் வேகத்தை அது பிடித்துவைத்துக்கொண்டால் காலுக்குப் பாதி வேலை குறையும், மீதிப் பாதியை எப்படியாவது பழகிக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு. வீட்டில் பேச்சு திரும்பிவந்தது. சாப்பாட்டுத் தட்டில் சாம்பாரால் கோடு போட்டு எனக்கு ஒயரிங் விளக்குவார். என் மாமியார், "சோத்துல இன்னாடா படம் வரையற?" என்று திட்டுவார். அந்தத் திட்டு விழுந்த நாட்கள் எங்களுக்கு நல்ல நாட்கள்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் கன்டெய்னர்கள் அடுக்கும் யார்டு ஒன்றில், ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே அவர் ஓட்டியதை நான் பார்த்தேன். எஞ்சின் சொன்னபடி கேட்டது. அடிவரை மிதித்ததும் படபடவென்று வெடித்துக்கொண்டே ஒரே வேகத்தில் நின்றது. ஆனால் கிளட்சிலிருந்து காலை எடுப்பது காலின் வேலைதானே. பிளாஸ்டிக் பாதம் பெடலின் ஓரத்தில் வழுக்கும், சக்கரம் நின்ற இடத்தில் சுற்றிப் புகையும். மெதுவாக எடுக்கலாம் என்று பார்த்தால் தொடைதான் தூக்கும், கணுக்கால் இல்லையே, வண்டி குலுங்கி அணையும். ஞாயிறு ஞாயிறாக இதையே செய்தார். முதலில் சிரித்தார், பிறகு கெட்ட வார்த்தை சொன்னார்.

ஒரு ஞாயிறு பாதியில் இறங்கி, காரைச் சுற்றி நடந்து வந்து மற்ற பக்கக் கதவைத் திறந்தார்.

"ஸ்டியரிங்ல நீ உக்காருமே."

"நானா? எனக்கு ரிவர்ஸே ஒழுங்கா வராதுங்க."

"ரிவர்ஸ்ல யாரு போகச் சொன்னா? நேரா போ."

நான் கார் ஓட்டப் பழகியதே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான். ஸ்ரீபெரும்புதூர் டிரைவிங் ஸ்கூலில், நெரிசலில் வண்டி அணைந்துவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி, கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறோம், இடது கால் பெடல்மேலேயே குடியிருக்கும். லாஞ்ச் கன்ட்ரோல் போட்ட பிறகு அந்தப் பழக்கம் வம்பாகிவிட்டது. என் கால் கிளட்சில் லேசாக உட்கார்ந்திருந்தாலே சுவிட்ச் விழுந்துவிடும். நான் கிளம்பத் தயாராக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் எஞ்சினைக் கட்டிப்போடும். யார்டிலிருந்து திரும்புகிற வழியில் எவ்வளவு மிதித்தும் வேகம் ஏறாமல் வண்டி விக்கியது. பின்னால் வந்த கம்பெனி பஸ்காரர் ஹார்ன் அடித்தே என் மானத்தை வாங்கினார்.

மறுநாள் லேப்டாப்காரர், வண்டி நகர ஆரம்பித்துவிட்டால் இந்தக் கட்டுப்பாடு தானாக விலகுகிற மாதிரி, சக்கர வேகத்தைச் சொல்லும் ஒயரையும் இணைத்தார். அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. சுவிட்சை நான் பெடலை அடியோடு மிதித்தால் மட்டும் விழுகிற இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லி, காரின் தரையில் தலையை விட்டு மல்லாக்கப் படுத்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் கதவுக்கு வெளியே. செயற்கைக் காலைக் கழற்றி என் மாமியாரிடம் கொடுத்திருந்தார், அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"மிதி" என்றார் உள்ளேயிருந்து. மிதித்தேன். பெடலுக்கும் என் பாதத்துக்கும் நடுவில் அவர் உள்ளங்கை இருந்தது.

"ஐயோ, கைய எடுங்க!"

"எடுக்க மாட்டேன். நீ மிதி. எங்க புடிக்குதுன்னு பாக்கறேன்."

மெல்ல மிதித்தேன், மெல்ல விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் பாதத்தின் கீழே அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. "ஆங்... இங்க... இங்கதான்மே" என்றார். அவ்வளவு சந்தோஷத்தை அந்தக் குரலில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு என்னைப் பிழிந்து எடுத்தார். வேலை விட்டு வந்து சோறு ஆக்கினால் போதும் என்று இருக்கும், அவர் அடுப்படிக்கு வந்து, தரையில் என் இடது காலை வைக்கச் சொல்லி, "குதிகால் அசையக் கூடாது, முன்னங்கால் மட்டும் எழும்பணும்" என்பார். தோசைக் கரண்டியோடு நான் கிளட்ச் பழகினேன். யார்டில் எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள், சக்கரம் சுற்றும். இறக்கி வைப்பார்கள், அமுங்கும். முன் டயரில் காற்றைக் குறைப்பார்கள். மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் நான் ஆசையாக முன் சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அதற்கு முன்பே என் மாமியார் ஜெப எண்ணெயை எடுத்து ஸ்டியரிங் பூராவும் தடவியிருந்தது எனக்குத் தெரியாது. பழம் நசுங்கிய இடத்தில் டயர் வழுக்க, எண்ணெயில் என் கை வழுக்க, கார் தட்டாமாலை சுற்றாத குறையாகக் கோணிக்கொண்டு போய் நின்றது. அவர் தரையிலே உட்கார்ந்து சிரித்தார். "ரெண்டு சாமியும் சேந்து கவுத்துட்டாங்கமே!" லேப்டாப்காரரும் நானும் அவரைத் தூக்கிவிட்டோம், சிரிப்பு நிற்கவே இல்லை.

பந்தயப் பாதைக்குப் போகிற நாள் நெருங்கியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு உதைப்பு. யார்டிலேயே என் ஓட்டம் அவர் நம்பரை உரசிக்கொண்டு வந்திருந்தது. அந்த ஷட்டரில் இருக்கிற நம்பர்தான் அவருக்கு மிச்சமிருக்கிற கால் என்பது எனக்குத் தெரியாதா? எந்த வேலையாக ஷெட்டுக்குப் போனாலும் முதலில் அவர் கண் அங்கேதான் போகும்.

"நான் உங்க நம்பரைத் தொட மாட்டேன்" என்றேன் ஒரு நாள்.

அவர் முகம் இறுகிவிட்டது. "வேணும்னே வுட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சுது, உங்கூட பேசவே மாட்டேன். பிச்சையா போடற? ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லன்னா சாவியக் குடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோடதுதான்மே எல்லாம். சுவிட்சு நான் வச்சது, கால் நான் பழக்குனது. போ" என்றார்.

அவர் அப்படித்தான் நம்பினார். நானும் நம்பினேன்.

பந்தயப் பாதைக்குப் போன அன்றைக்கு எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார். ஹெல்மெட்டுக்குள் எனக்கு என் மூச்சு மட்டும் கேட்டது. கோட்டில் நிறுத்தினேன். கிளட்ச் அடிவரை, முதல் கியர், ஆக்சிலேட்டர் அடிவரை. எஞ்சின் குறித்த இடத்தில் படபடத்து நின்றது. விளக்குகள் வரிசையாக இறங்கிவந்தன. பச்சை. குதிகால் அசையவில்லை, முன்னங்கால் மட்டும் எழும்பியது. பெடலுக்கடியில் அந்த உள்ளங்கை இருப்பதுபோலவே இருந்தது எனக்கு. சக்கரம் ஒரு கீச்சுக்கூட இல்லாமல் தரையைப் பிடித்துக்கொண்டது. சீட்டோடு என்னை யாரோ அமுக்கினார்கள்.

நல்ல ஓட்டம் என்பது அப்போதே தெரிந்தது. நான் கத்தினேன், சிரித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, அந்தச் சில நொடிகள் எனக்கு வேறு எந்த ஞாபகமும் இல்லை.

திரும்பி வந்தபோது நேரம் அச்சடித்த சீட்டு அவர் கையில் இருந்தது, அவர் நம்பரைவிடக் குறைந்த நேரம். எல்லாரும் கத்தினார்கள், லேப்டாப்காரர் குதித்தார். அவரும் கை தட்டினார், "சூப்பர்மே" என்றார், என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் வாய் சிரித்தது. கண்ணை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். லாரி ஏறிய அன்றைக்கும் அந்தக் கண்ணில் அப்படி ஒன்று இல்லை. கம்ப்யூட்டரும், ஒயரும், நேற்றுப் பழகிய ஒரு காலும் சேர்ந்து செய்ய முடிகிற காரியம்தான் அது என்று அவருக்குத் தெரிந்துபோன கண்.

சாயங்காலம் எல்லாரும் ஷெட்டில் கூடினோம். ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். நான் துடைக்க மாட்டேன் என்றேன். லாஞ்ச் கன்ட்ரோல் போட்டு ஓட்டியதைத் தனியாகத்தான் எழுத வேண்டும் என்று வாதாடினேன், கத்தினேன். ஷெட்காரரும், "விடுப்பா, அது பக்கத்துல எழுதிக்கலாம்" என்றார். இவர்தான் கேட்கவில்லை. பனியன் வேஸ்டைத் தானே எடுத்து, தின்னரில் நனைத்து, பிழிந்து, என் கையில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"தொடைமே."

துடைத்தேன். பூச்சுக்குமேல் பூச்சாகப் பூசியிருந்த பெயிண்ட், சீக்கிரத்தில் போகவில்லை. அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. அவர் பக்கத்திலேயே நின்று, விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினார். என் நம்பரை எழுத எனக்குக் கை வராததால் லேப்டாப்காரர் எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் அந்த ஷெட்டுக்குப் போகவில்லை. சண்டை இல்லை, கோபம் இல்லை, என்னிடம் முன்னைவிட அன்பாகத்தான் இருக்கிறார். யாராவது கேட்டால், "எம் பொண்டாட்டி நம்பருதான் இப்ப" என்று பெருமையாகச் சொல்வார். கம்பெனியில் ஓவர்டைம் என்று கூப்பிட்டால் அதையும் வாங்கிக்கொள்கிறார். காரின் மேல் உறையைப் போட்டு மூடிவிட்டோம். நானும் பஸ்ஸிலேயே போய்வருகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஹாலில் இருந்தோம். அவர் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். என் மாமியார் என் போனில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய ஓட்டத்தை யாரோ எடுத்து அனுப்பிய வீடியோ வந்தது. அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் காரைத்தான்.

"இவன் இன்னாத்துக்கு கால தூக்கறான்?" என்றார் மாமியார்.

வாங்கிப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். மற்றவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிக் காரைப் பார்க்கிறார்கள். அவர் விளக்கைப் பார்க்கிறார். இடது காலைத் தரையில் ஊன்றி, இடுப்பே சாய்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறார். பச்சை வந்ததும் அந்தக் கால் எழும்புகிறது. அதற்கப்புறம்தான் என் கார் நகர்கிறது.

"குடு" என்று கை நீட்டினார். கொடுத்தேன். பார்த்தார்.

"நான் முன்னாடியே வுட்டுட்டேன்மே. நீ லேட்டு" என்று சிரித்தார்.

"ஆமாங்க, லேட்டுதான்" என்றேன்.

சிரிப்பு அப்படியே அழுகையானது. ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர், வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார். என் மாமியார் எழுந்து வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் அவர் காலருகே உட்கார்ந்தேன். அவர் கையிலிருந்த போனில் வீடியோ மறுபடியும் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. என் கார் கோட்டில் நின்று படபடக்கிற சத்தம் கேட்டது. லுங்கிக்குள் அவருடைய இடது முழங்கால் மெல்லக் கீழே அழுந்தி, பச்சை வருகிறவரை அப்படியே இருந்துவிட்டு, எழும்பியது.